பேருதான் ஹாட் மஸ்டர்ட்... ஆனா சுடுதண்ணி ஊத்தினா காரமே வராது! கடுகுப் பொடியில் மூக்கைத் துளைக்கும் காரம் எப்படி வருது? முழு விளக்கம்

கடையில் மஸ்டர்ட் பவுடர் வாங்கியாச்சு. யூடியூப்ல பார்த்த மாதிரி தண்ணீர் ஊற்றிக் கலக்கியாச்சு. எடுத்து வாயில் வைத்தால் காரமும் இல்லை, மணமும் இல்லை. கசப்பு மட்டும்தான் இருக்கு. "கலப்படப் பொடியைத் தலையில் கட்டிட்டாங்க" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு டப்பாவைக் குப்பையில் போடுபவர்கள் நிறைய பேர்.

கொஞ்சம் பொறுங்க. பொடியில் தப்பு இல்லாமல்கூட இருக்கலாம். நீங்கள் ஊற்றிய தண்ணீர் சூடாக இருந்திருக்கலாம். இல்லையென்றால் கலக்கிய உடனே சாப்பிட்டிருக்கலாம். வினிகரை முதலிலேயே ஊற்றியதும் காரணமாக இருக்கலாம். ஏனென்றால், கடுகுப் பொடிக்குள் காரம் ரெடியாக உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர் பட்ட பிறகுதான் அது உருவாகவே ஆரம்பிக்கிறது.

அது எப்படி? வீட்டில் சரியாகச் செய்வது எப்படி? யார் யார் ஜாக்கிரதையாக இருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹாட் மஸ்டர்ட் என்றால் என்ன?

கடுகை மாவு போல அரைத்து, தண்ணீரில் குழைத்துச் செய்யும் காரமான விழுதுதான் ஹாட் மஸ்டர்ட். இங்கே 'ஹாட்' என்பது சூட்டைக் குறிப்பதில்லை, காரத்தைக் குறிக்கிறது. இந்த ஒரு வார்த்தையை வைத்தே பலர் சுடுதண்ணீரை எடுத்துவிடுகிறார்கள்.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமான உணவு இல்லை. இங்கிலாந்தில் வாட்டிய மாட்டிறைச்சி, ஹாம், சாசேஜ் ஆகியவற்றுடன் தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டை அளவு மஸ்டர்ட் வைப்பார்கள். ஜப்பானில் இதன் பெயர் கராஷி. ஓடென் என்ற குழம்பு, டொன்கட்ஸு என்ற பொரித்த பன்றி இறைச்சி, நாட்டோ என்ற புளித்த சோயா ஆகியவற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் சீன ரெஸ்டாரன்டுகளில் எக் ரோலுக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வரும் மஞ்சள் சாஸும் இதே வகைதான்.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. மஸ்டர்ட் என்ற சொல் லத்தீனில் இருந்து வந்தது. 'மஸ்டம்' என்றால் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு. 'ஆர்டென்ஸ்' என்றால் எரிகிற. அந்தக் காலத்தில் அரைத்த கடுகைத் திராட்சைச் சாற்றில் கலந்ததால் வந்த பெயர் இது.

பொடி எப்போது வந்தது?

இங்கிலாந்தில் முன்பெல்லாம் கடுகை இடித்து விழுதாகவோ உருண்டையாகவோ விற்றார்கள். டியூக்ஸ்பெரி என்ற ஊர் கடுகு உருண்டைக்குப் பெயர் போனது. ஷேக்ஸ்பியரின் நாடகத்திலேயே அந்த ஊர் மஸ்டர்ட் வருகிறது என்றால் பாருங்கள்.

1720 வாக்கில் டர்ஹம் நகரில் கிளமென்ட்ஸ் என்ற பெண்மணி, கோதுமையை மாவாக்குவது போலக் கடுகையும் அரைத்துச் சலித்து மென்மையான பொடியாக விற்க ஆரம்பித்தார் என்று சொல்லப்படுகிறது. 1814-ல் நார்விச் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோக் ஹோலி கிராஸ் கிராமத்தில் ஜெரிமையா கோல்மன் என்ற மாவு ஆலைக்காரர் மஸ்டர்ட் தயாரிப்பில் இறங்கினார். மஞ்சள் டப்பாவில் காளைத் தலைப் படத்தோடு இன்றும் கிடைக்கும் கோல்மன்ஸ் பொடியின் தொடக்கம் அதுதான். 1866-ல் விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்கு மஸ்டர்ட் அனுப்பும் அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

கோல்மன் குடும்பம் பணக்காரர்கள் ஆனது மக்கள் சாப்பிட்ட மஸ்டர்டால் இல்லை, தட்டில் மிச்சம் வைத்த மஸ்டர்டால்தான் என்று இங்கிலாந்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. காரம் அப்படி. கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் முடிக்க முடியாது.

காரம் எங்கே இருந்து வருது?

இதுதான் முக்கியமான விஷயம். ஒரு கடுகை எடுத்து, உடைக்காமல் நாக்கில் வைத்துப் பாருங்கள். காரம் தெரியாது. மென்று பாருங்கள். சில விநாடி கழித்து லேசாக எரிய ஆரம்பிக்கும்.

காரணம், கடுகுக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறையில் பூட்டி வைத்த மாதிரி இருக்கின்றன. ஒன்று குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சத்துள்ள பொருள். நம் ஊர்க் கடுகில் இருக்கும் வகைக்கு சினிக்ரின் என்று பெயர். இதற்குத் தனியாகக் காரம் கிடையாது. இன்னொன்று மைரோசினேஸ் என்ற நொதி, அதாவது என்சைம். இதற்கும் தனியாகக் காரம் கிடையாது.

கடுகு உடைந்தால் இரண்டு அறையின் சுவரும் இடிந்துவிடும். அதில் தண்ணீரும் சேர்ந்தால் நொதி வேலையை ஆரம்பிக்கும். சினிக்ரினை வெட்டும். அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மூக்கில் ஏறும் அந்தக் காரத்தின் பெயர் அதுதான்.

செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. பூச்சி கடித்தால் செல் உடையும், காரம் வெடிக்கும், பூச்சி ஓடும். தாவர விஞ்ஞானிகள் இதற்கு 'மஸ்டர்ட் ஆயில் பாம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆக, காய்ந்த பொடி என்பது இன்னும் திரி பற்ற வைக்காத பட்டாசு மாதிரி. இங்கே திரியைப் பற்ற வைப்பது தண்ணீர்.

மிளகாய் காரமும் கடுகு காரமும் ஒண்ணா?

இல்லை. மிளகாயைக் கடித்தால் நாக்கும் உதடும் எரியும். தண்ணீர் குடித்தாலும் சீக்கிரம் அடங்காது. கடுகு விழுது அப்படி இல்லை. திடீரென்று மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறும். கண்ணில் தண்ணீர் வரும். கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி போய்விடும்.

மிளகாயின் கேப்சைசின் எளிதில் ஆவியாகாது. எண்ணெய்ப் பசையோடு வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கடுகின் காரப்பொருள் சட்டென்று ஆவியாகும். வாயில் வைத்ததும் தொண்டையின் பின்பக்கம் வழியாக மூக்குக்குப் போய்விடும். அதே வேகத்தில் மறைந்தும் விடும்.

நம் நரம்புகளில் இவற்றை உணரும் இடங்களும் வேறு வேறு. மிளகாயை உணர்வது டிஆர்பிவி1. கடுகை உணர்வது டிஆர்பிஏ1. (டிவி சேனல் சைட்டில் படிப்பதால் டிஆர்பி ரேட்டிங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு.) மிளகாயை வைத்து உடலின் வெப்ப உணர்வைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஜப்பானின் வசாபியிலும் இருப்பது இதே காரப்பொருள்தான். அதனால்தான் பல உணவகங்களில் வசாபி என்ற பெயரில் வருவது குதிரைமுள்ளங்கி, கடுகு, பச்சை நிறம் சேர்த்த கலவையாக இருக்கிறது. காது கேளாதவர்கள் தூங்கும்போது தீப்பிடித்தால் எழுப்ப, வசாபி வாசனையை அடிக்கும் அலாரம் ஒன்றை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். அதற்கு 2011-ல் இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசும் கிடைத்தது. தூங்குகிறவரையே எழுப்பும் என்றால் இதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அப்போ நாம தாளிக்கிற கடுகில் ஏன் காரம் இல்லை?

நல்ல கேள்வி. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். ஆனால் தாளிப்புக் கரண்டியில் விழுந்தால் காரம் போய்விடும் என்பதுதான் உண்மை.

கொதிக்கும் எண்ணெயில் கடுகைப் போட்டதும், அதற்குள் இருக்கும் கொஞ்சம் ஈரம் ஆவியாகி, படபடவென வெடிக்கும். அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். வெட்டுவதற்கு ஆள் இல்லாததால் சினிக்ரின் காரமாக மாறாது. அதனால்தான் ரசத்திலும் சட்னியிலும் மிதக்கும் கடுகை மென்றால் வறுத்த பருப்பு மாதிரி ஒரு மணம்தான் வரும்.

முள்ளங்கியிலும் இதே கதைதான். அதுவும் கடுகுக் குடும்பம். பச்சையாகக் கடித்தால் சுர்ரென்று காரம். சாம்பாரில் வெந்ததும் அந்தக் காரம் காணாமல் போய்விடும்.

பச்சைக் கடுகின் காரத்தைப் பயன்படுத்தும் சமையலும் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆந்திராவின் ஆவக்காய் ஊறுகாயில் 'ஆவ' என்பதே கடுகுதான். வறுக்காத கடுகுப் பொடிதான் அதன் உயிர். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் வெள்ளரிக்காய் கிச்சடிக்குத் தேங்காயோடு பச்சைக் கடுகை நசுக்கிச் சேர்ப்பார்கள். வங்காளத்தில் கசுந்தி என்ற கடுகு விழுது இல்லாமல் மீன் வறுவலும் கட்லெட்டும் மேசைக்கு வராது.

எந்தக் கடுகு வாங்கணும்?

மஸ்டர்ட் செய்ய உலகம் முழுக்க மூன்று வகைக் கடுகு பயன்படுகிறது.

கருங்கடுகு: மிகக் காரம். ஆனால் காய்கள் எளிதில் வெடித்துச் சிதறுவதால் மெஷினில் அறுவடை செய்வது கஷ்டம். இன்று பெரிய அளவில் பயிரிடுவது குறைவு.

பழுப்புக் கடுகு: நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். சினிக்ரின் அதிகம். மூக்கில் ஏறும் காரம் இதில்தான் கிடைக்கும். ஜப்பானின் கராஷிக்கும் இந்த வகைதான் அடிப்படை.

வெள்ளைக் கடுகு: வெளிநாட்டில் மஞ்சள் மஸ்டர்ட் என்பார்கள். இதில் இருப்பது சினால்பின் என்ற வேறு பொருள். இதன் காரம் நாக்கில் மட்டும் தெரியும், மூக்குக்குப் போகாது. ஹாட் டாக் மேல் ஊற்றும் அமெரிக்க மஞ்சள் சாஸ் சாதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பளிச் மஞ்சள் நிறமோ மஞ்சள்தூள் கொடுத்தது.

இங்கிலாந்து ஸ்டைல் பொடியில் பழுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். நாக்கு, மூக்கு இரண்டையும் பிடிக்கும். டப்பாவில் இருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயம்: தூபம் போட, திருஷ்டி கழிக்க என்று விற்கும் வெண்கடுகைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். உணவுக்கு என்று குறிப்பிட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டிலேயே பொடி அரைக்கலாமா?

தாராளமாக அரைக்கலாம். ஆனால் நம் வழக்கமான பழக்கம் ஒன்றை இங்கே மறந்துவிடணும். பொடி என்றாலே வாணலியில் வறுத்து அரைப்பதுதான் நம் கை பழகியது. கடுகை வறுத்தால் நொதி போச்சு. அப்புறம் எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் மூக்கில் ஏறாது. வெயிலில் காய வைக்கலாம், அது போதும்.

அரைப்பதற்கு முன் கடுகை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். பிரமதண்டு என்ற களைச்செடியின் விதை கடுகோடு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். ஆனால் விஷம். கடுகின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதையின் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. இந்தச் சோதனையை உணவுப் பாதுகாப்புத் துறையே பொதுமக்களுக்குச் சொல்லித் தருகிறது. இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 1998-ல் டெல்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடல் வீங்கி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

கடுகை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் போட்டு, விட்டு விட்டு 5 விநாடி, 5 விநாடியாக ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகும். கடுகில் எண்ணெய் அதிகம் என்பதால் பொடி திரண்டு ஒட்டிக்கொள்ளும். சலித்து மேலே நிற்கும் தோலை எடுத்துவிடுங்கள். ஜார் மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுப் பொடியில் தோல் கொஞ்சம் கலந்தே இருக்கும். அதனால் விழுது பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கரகரப்பாக வரும். கடை மஸ்டர்ட் மாதிரி மஞ்சளாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். காரத்தில் குறை இருக்காது.

செய்முறை: இவ்வளவுதான் விஷயம்

தேவையானவை: கடுகுப் பொடி 4 டேபிள்ஸ்பூன் (சுமார் 25 கிராம்), குளிர்ந்த குடிநீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், வெள்ளை வினிகர் 1 டீஸ்பூன், விருப்பப்பட்டால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்.

1. பொடியைக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போடுங்கள். கட்டி இருந்தால் உடைத்துவிடுங்கள்.

2. முதலில் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் நன்றாகக் குழையுங்கள். தோசை மாவை விடக் கெட்டியாக, பற்பசை பதத்தில் இருக்கணும். கெட்டியாக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

3. தட்டு போட்டு மூடி, 10 முதல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். காரம் உருவாகும் நேரம் இதுதான். மூடி வைப்பது ஏன் என்றால், காரப்பொருள் ஆவியாகிப் போய்விடும். ஜப்பானில் கராஷி குழைத்த கிண்ணத்தையே கவிழ்த்து வைக்கும் பழக்கம் உண்டு.

4. மூடியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் லேசாக விசிறிப் பாருங்கள். நேராகக் குனிந்து முகர வேண்டாம். சுர்ரென்று ஏறினால் ரெடி.

5. இப்போது உப்பு, சர்க்கரை, வினிகர், மஞ்சள்தூள் சேர்த்துக் கலக்குங்கள். அவ்வளவுதான்.

முதல் முறை சாப்பிடுபவர்கள் பட்டாணி அளவுக்கும் குறைவாக எடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியா இருக்கணும்?

ஐஸ் வாட்டர்தான் வேண்டும் என்று இல்லை. சாதாரண அறை வெப்ப நீர் போதும். ஜப்பானில் வெதுவெதுப்பான நீரில்தான் கராஷியைக் குழைக்கிறார்கள். அந்த இளஞ்சூட்டில் நொதி வேகமாக வேலை செய்யும். ஆனால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நொதி சேதமாக ஆரம்பிக்கும். கொதிநீர் ஊற்றினால் கதை முடிந்தது. அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் காரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

குளிர்ந்த நீரில் காரம் கொஞ்சம் மெதுவாக வரும். ஆனால் ஆவியாகி வீணாவதும் குறைவு. அதனால் வீட்டில் செய்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான வழி. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். கை வைத்தாலே சுடும். பானைத் தண்ணீரோ ஃப்ரிட்ஜ் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வினிகரை எப்போ சேர்க்கணும்?

இதுதான் பலரும் கவனிக்காத பாயிண்ட். புளிப்பு, நொதியின் வேகத்தைக் குறைக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவாக இருந்தாலும் அதே விளைவுதான்.

முதலிலேயே வினிகரில் குழைத்தால் காரம் மெதுவாக, குறைவாக உருவாகும். மிதமான காரம் போதும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. பிரான்சின் டிஜோன் மஸ்டர்ட் இந்தப் பாணியில் வருவது. 1856-ல் டிஜோன் நகரின் ழான் நெஜோன் என்பவர் வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் சாற்றைச் சேர்த்து அதன் சுவையை மாற்றினார்.

தண்ணீரில் குழைத்து 15 நிமிடம் கழித்து வினிகர் சேர்த்தால், அதற்குள் உருவான காரத்தை அது பிடித்து வைக்கும். வெறும் தண்ணீரில் செய்த மஸ்டர்ட் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். வினிகர் சேர்த்தது இன்னும் சில நாள் தாங்கும்.

ஆக, மூக்கைத் துளைக்கணும் என்றால் முதலில் தண்ணீர், பிறகு வினிகர். சாதுவாக வேண்டும் என்றால் முதலிலேயே வினிகர்.

காரம் வரலையா? கசக்குதா? என்ன பண்ணலாம்?

கசப்பு அதிகம், காரமும் இருக்கு: பயப்பட வேண்டாம். புதிதாகக் குழைத்த மஸ்டர்ட் கசக்கத்தான் செய்யும். வினிகர் சேர்த்து மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். கசப்பு குறையும். காரமும் கொஞ்சம் குறையும். கொஞ்சம் உப்பு, சர்க்கரை, தேன் சேர்ப்பதும் உதவும். வங்காளத்தில் கடுகை உப்பு, பச்சை மிளகாயோடு சேர்த்து அரைப்பது கசப்பைக் கட்டுப்படுத்தத்தான் என்பார்கள்.

கசப்பு மட்டும் இருக்கு, காரமே இல்லை: சுடுதண்ணீர் பட்டிருக்கலாம், வறுத்த பொடியாக இருக்கலாம், ரொம்பப் பழைய பொடியாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அரை டீஸ்பூன் பொடியை அரை டீஸ்பூன் குளிர்ந்த நீரில் குழைத்து, மூடி, 10 நிமிடம் வையுங்கள். அப்போது காரம் வந்தால் பொடி நல்ல பொடி, முன்பு செய்த விதம்தான் தப்பு. அப்போதும் வரவில்லை என்றால் பொடியில்தான் பிரச்சனை. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் இந்த 10 நிமிடத்தைச் செலவழிக்கலாம்.

வறுத்த பொடி கையில் மாட்டிக்கொண்டதா? தூக்கிப் போடாதீர்கள். ஊறுகாய்க்கும் வறுவல் மசாலாவுக்கும் அது நன்றாகவே இருக்கும்.

காரம் தாங்கலை: மயோனைஸ், தயிர் அல்லது தேன் கலந்து நீர்க்கச் செய்யலாம்.

எத்தனை நாள் வைக்கலாம்? எதோட சாப்பிடலாம்?

ஹாட் மஸ்டர்டை அன்றன்றைக்குத் தேவையான அளவு செய்வதுதான் நல்லது. குழைத்த அரை மணி நேரத்துக்குள் காரம் உச்சத்தில் இருக்கும். வினிகர், உப்பு சேர்த்ததை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது. நிறமோ வாசனையோ மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய்ந்த பொடியையும் ஈரம் படாமல் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் சின்ன டப்பாவாக வாங்குவது புத்திசாலித்தனம்.

சாண்ட்விச், கட்லெட், சாசேஜ், சீஸ் டோஸ்ட், சிக்கன் ஃப்ரை, மீன் வறுவல் என எதனோடும் தொட்டுக்கொள்ளலாம். கிரேவியில் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு கடைசியில் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் காரம் ஆவியோடு போய்விடும், மணம் மட்டும் மிஞ்சும்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

கடுகு ஒவ்வாமை சிலருக்கு உண்டு. ஐரோப்பிய யூனியனில், உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் ஒன்று. கனடாவிலும் இதே நிலைதான். சாப்பிட்டதும் உதடு, முகம் வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அதைக் 'காரம்' என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரணக் கடுகு காரம் சிறிது நேரத்தில் தானாக அடங்கும். ஒவ்வாமை அப்படி அடங்காது, கூடிக்கொண்டே போகும். வித்தியாசம் அதுதான்.

சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் பொடி அரைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம்.

குழைத்த கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். சளிக்கும் சுளுக்குக்கும் கடுகுப் பற்று போடும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு, இங்கிலாந்திலும் இருந்தது. தோலில் அதிக நேரம் விட்டால் தீக்காயம் மாதிரி கொப்பளம் போட்டுவிடும். நாக்கை எரிக்கும் அதே பொருள் தோலையும் எரிக்கும். குழந்தைகளுக்கு இதை முயற்சி செய்யவே கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்டர்ட் கேஸ் என்ற விஷவாயுவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
இல்லை. முதல் உலகப் போரில் 1917-ல் பெல்ஜியத்தின் ஈப்ரெஸில் பயன்படுத்தப்பட்ட அந்த ஆயுதத்தில் கடுகே கிடையாது. அதன் வாசனையை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது.

பொடிக்குப் பதிலாகக் கடுகு எண்ணெய் கலக்கலாமா?
வேண்டாம். எண்ணெயில் மட்டும் குழைத்தால் நொதி வேலை செய்யாது. அதற்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

தண்ணீருக்குப் பதிலாகப் பால் ஊற்றலாமா?
காய்ச்சி ஆற வைத்த குளிர்ந்த பால் ஊற்றலாம். காரம் கொஞ்சம் மென்மையாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அன்றே முடித்துவிடணும்.

மூக்கில் ஏறிவிட்டால் என்ன செய்வது?
பதற வேண்டாம். வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருங்கள். தானாகப் போய்விடும்.

சுருக்கமா சொன்னா...

வறுக்காத பொடி, குளிர்ந்த தண்ணீர், மூடி வைத்து 10 முதல் 15 நிமிடம், அதன் பிறகு வினிகரும் உப்பும். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும். விலை கூடிய வெளிநாட்டு டப்பா இல்லாமலே, அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகிலிருந்து மூக்கைத் துளைக்கும் ஹாட் மஸ்டர்ட் ரெடி. அடுத்த தடவை காரம் வரவில்லை என்றால், பொடியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஊற்றின தண்ணியைத் தொட்டுப் பாருங்க.